தூக்கத்தைக் குறைத்து ஓடினால் கொழுப்பு கரையுமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது தூக்கத்தில்தான். வீட்டு வேலையும் அலுவலக வேலையும் ஓய்ந்து படுக்கும்போது இரவு 11 மணி தாண்டிவிடுகிறது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். நடைப்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேறு வழியில்லாமல், ஆறு மணிக்கு அடித்துக்கொண்டிருந்த அலாரத்தை ஐந்து மணிக்கு மாற்றிவைக்கிறோம். வியர்க்க நடந்துவிட்டால் தூக்கம் குறைந்ததற்கு ஈடாகிவிடும் என்று நம்புகிறோம்.

இந்தப் பேரத்தில் உடல் நமக்கு என்ன திருப்பித் தருகிறது என்பதைக் கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கிறது. ஓடும் நேரத்தில் எரியும் கொழுப்பைவிட, ஓடாத மற்ற நேரங்களில் உடல் கொழுப்பை எப்படி நடத்துகிறது என்பதே எடைக் குறைப்பில் பெரிய பங்கு வகிக்கிறது. தூக்கக் குறைவு பலமாக அடிப்பது அந்த மற்ற நேரங்களைத்தான்.

உடற்பயிற்சியின்போது எரிவது எது?

தசைகளுக்கு முக்கியமான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று குளுக்கோஸ். அது தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. தசைகளில் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்குத்தான் அது இருக்கும். மற்றொன்று கொழுப்பு. ஒல்லியாகத் தெரிபவர் உடலிலும் இது கிலோக்கணக்கில் இருக்கும். ஒரு கிராம் குளுக்கோஸ் சுமார் 4 கலோரி தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும்.

இவை இரண்டும் எப்போதும் சேர்ந்தே எரிகின்றன. மாறுவது விகிதம் மட்டுமே. உட்கார்ந்திருக்கும்போதும் மெதுவாக நடக்கும்போதும் கொழுப்பின் பங்கு அதிகம். வேகம் கூடக்கூடக் குளுக்கோஸின் பங்கு ஏறிக்கொண்டே போகும். மூச்சிரைக்க ஓடும்போது உடல் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு மிக அதிகமான கொழுப்பு எரியும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒருவரால் உச்ச அளவில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதில் சுமார் 64 விழுக்காட்டைப் பயன்படுத்தும் வேகத்தில்தான் கொழுப்பு மிக அதிகமாக எரிந்தது. அவர்களைப் போலப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இந்த இடம் பொதுவாக இன்னும் குறைந்த வேகத்தில் வந்துவிடும். தோராயமாகச் சொன்னால், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம்.

எந்த எரிபொருள் எரிகிறது என்பதை மூச்சை வைத்தே கணக்கிடுகிறார்கள். முகமூடி வழியாக உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, பின்னதை முன்னதால் வகுப்பார்கள். கிடைக்கும் எண்ணுக்குச் சுவாச ஈவு என்று பெயர். அது 0.7ஐ ஒட்டியிருந்தால் எரிவது கொழுப்பு. 1ஐ ஒட்டியிருந்தால் எரிவது மாவுச்சத்திலிருந்து வந்த குளுக்கோஸ். இந்த அளவு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால் சுமார் 220 கலோரி செலவாகும். அதில் பாதி கொழுப்பிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால், எரிந்த கொழுப்பு சுமார் 12 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடைப்பயிற்சி வீண் என்று சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அது செய்யும் நன்மை கலோரிக் கணக்கில் அடங்காது. ஆனால், பயிற்சி நேரத்தில் எரிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் படத்தின் ஒரு மூலையைத்தான் பார்க்கிறோம்.

தூங்காத மறுநாள் ஓடினால்

முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் காலையில் ஓடினால் கொழுப்பு குறைவாக எரியுமா? பயிற்சி நேரத்தை மட்டும் அளந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. ஓர் இரவுத் தூக்கம் கெட்டதால் மறுநாள் ஓட்டத்தில் எரிபொருள் விகிதம் தலைகீழாகப் புரண்டுவிடுவதில்லை. தெளிவாகக் குறைவது நாம் செய்யும் வேலையின் அளவு.

வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 11 ஆண்களை டிரெட்மில்லில் ஓடவைத்தார்கள். முதல் 30 நிமிடம் எல்லாருக்கும் வரையறுத்த வேகம். அடுத்த 30 நிமிடத்தில் முடிந்தவரை அதிக தூரம் ஓட வேண்டும். நன்றாகத் தூங்கிய பிறகு அவர்கள் ஓடிய சராசரி தூரம் 6,224 மீட்டர். ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் ஓடியபோது 6,037 மீட்டர். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு முறையும் தாங்கள் பட்ட சிரமம் ஒரே அளவு என்றே அவர்கள் உணர்ந்தார்கள். அதே பாடு பட்டும் தூரம் குறைந்துவிட்டது. தூக்கம் கெட்டவர் ஜிம்மிலிருந்து வெளியே வரும்போது வழக்கம்போல் உழைத்த திருப்தியோடுதான் வருவார். செய்த வேலை குறைந்திருப்பது அவருக்குத் தெரியாது.

எரிபொருள் இருப்பிலும் மாற்றம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் குழு விளையாட்டு வீரர்கள் 10 பேரை 30 மணி நேரம் விழித்திருக்கச் செய்து பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. தூங்கிய நாளோடு ஒப்பிட்டால் அவர்கள் தசைகளில் கிளைக்கோஜன் குறைவாக இருந்தது. திரும்பத் திரும்பப் பாய்ந்து ஓடும் வேகமும் தளர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தூக்கம் குறைந்தவர்களின் ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 19 ஆண்களை நான்கு இரவுகள் 4.5 மணி நேரம் மட்டும் படுக்கவைத்தபோது, பின்னிரவிலும் அதிகாலையிலும் இந்த அளவு 15 முதல் 30 விழுக்காடு வரை ஏறியது. இதைக் கேள்விப்பட்டவுடன், கொழுப்பு கரையத் தொடங்கிவிட்டது, இதுதானே வேண்டும் என்று தோன்றலாம். கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு வெளியே வருவது ஒரு வேலை. அது தசைக்குள் போய் எரிவது வேறொரு வேலை. ஒரு கிடங்கிலிருந்து வண்டியில் ஏற்றிய மூட்டை அடுப்படிக்குப் போகாமல் இன்னொரு கிடங்கில் இறங்குவதுபோல, எரியாத கொழுப்பு அமிலம் கல்லீரலிலும் தசையிலும் மீண்டும் கொழுப்பாகவே சேரலாம். ரத்தத்தில் அது நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருந்தால் இன்சுலினின் வேலையும் கெடுகிறது. அந்த ஆய்விலும், கொழுப்பு அமிலம் எவ்வளவு கூடியதோ அதற்கேற்ப இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்திருந்தது.

சிகாகோ ஆய்வு சொன்னது

உணவைக் குறைத்து எடையைக் குறைக்கும் ஒருவருக்குத் தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் மிகத் தெளிவானது 2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பிளாமென் பெனெவ் தலைமையிலான குழு, எடை கூடிய 10 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தது. ஒரே ஆட்களை இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 14 நாட்கள். இரண்டு முறையும் நாளுக்குச் சுமார் 1,450 கலோரி உணவு. வேறுபாடு படுக்கை நேரத்தில் மட்டும்தான். ஒரு முறை 8.5 மணி நேரம், மறுமுறை 5.5 மணி நேரம். அவர்கள் உண்மையில் தூங்கியது முறையே 7 மணி 25 நிமிடமும் 5 மணி 14 நிமிடமும்.

எடை இயந்திரத்தில் ஏறிப் பார்த்தால் இரண்டு முறையும் ஏறக்குறைய 3 கிலோ குறைந்திருந்தது. அதோடு ஆய்வை முடித்திருந்தால், தூக்கத்துக்கும் எடைக்கும் தொடர்பே இல்லை என்று எழுதியிருக்கலாம். குறைந்த எடை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. நன்றாகத் தூங்கியபோது குறைந்ததில் கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது வெறும் 0.6 கிலோ. தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதி நல்ல தூக்கத்தில் 1.5 கிலோவும், குறைந்த தூக்கத்தில் 2.4 கிலோவும் போயிருந்தது. ஒரே சாப்பாடு, ஒரே எடைக் குறைவு. கரைய வேண்டிய கொழுப்பு தங்கிவிட்டது, காக்க வேண்டிய தசை கரைந்துவிட்டது.

சுவாச ஈவும் இதையே சொன்னது. தூக்கம் குறைந்த நாட்களில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் அந்த எண் உயர்ந்திருந்தது. ஓய்வில் இருக்கும்போதே உடல் கொழுப்பைக் குறைவாக எரித்தது என்பதற்கு அது அடையாளம். ஒரு நாளில் பயிற்சி நேரம் ஒரு மணி என்றால், மீதி 23 மணி நேரமும் இந்த மாற்றத்துக்குள்ளேயே கழிகின்றன.

10 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வேறொரு குழுவும் இதே போக்கைக் கண்டது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்தபடியே எட்டு வாரம் உணவைக் குறைத்தவர்கள் இரு பிரிவாக இருந்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் ஐந்து நாள் தூக்கத்தையும் குறைத்து, மற்ற இரண்டு நாள் விருப்பம்போல் தூங்கினார்கள். இரு பிரிவிலும் எடை ஒரே அளவு குறைந்தது. தூக்கத்தைக் குறைத்தவர்களிடம் மட்டும் அந்தக் குறைவில் கொழுப்பின் பங்கு சிறுத்திருந்தது.

தசை ஏன் முக்கியம்?

கொழுப்பு எரிவது தசைச் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். தசை குறைந்தால் கொழுப்பை எரிக்கும் இடமே குறைகிறது. ஓய்வில் செலவாகும் கலோரியும் இறங்குகிறது. டயட்டை நிறுத்தியவுடன் பழைய எடை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூக்கம் தசையைக் காக்கும் வழிகள் பல. ஆழ்ந்த தூக்கத்தின் முதல் சுற்றில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பும் தூக்கத்தை ஒட்டியே ஏறுகிறது. இளைஞர்கள் 10 பேர் எட்டு இரவுகள் 5 மணி நேரம் மட்டும் படுத்தபோது பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு இறங்கியதை 2011இல் ஈவ் வான் காட்டர் குழுவினர் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓர் இரவு முழுக்க விழித்திருந்த இளைஞர்களின் தசையில் புரதம் கட்டப்படும் வேகம் 18 விழுக்காடு குறைந்தது. தசையைச் சிதைக்கும் பக்கம் நிற்கும் கார்ட்டிசோல் 21 விழுக்காடு கூடியது.

நல்ல செய்தியும் உண்டு. நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் ஐந்து இரவுகள் படுத்த இளைஞர்களிடம் தசைப் புரத உற்பத்தி குறைந்தது. அதே காலத்தில் தீவிரமான இடைவெளிப் பயிற்சி செய்தவர்களிடம் அது குறையவில்லை. தூக்கம் தவிர்க்க முடியாமல் கெடும் காலத்திலும் பயிற்சி தசைக்கு ஒரு காவல். தூக்கம் சரியில்லை, எனவே உடற்பயிற்சியையே விட்டுவிடுவோம் என்று முடிவு செய்ய வேண்டாம்.

பசி என்னும் பெரிய ஓட்டை

ஆய்வுக்கூடத்தில் உணவை அளந்து கொடுக்கிறார்கள். வீட்டில் யாரும் அளந்து தருவதில்லை. தூக்கக் குறைவு செய்யும் மிகப் பெரிய சேதம் சாப்பாட்டுத் தட்டில்தான் நடக்கிறது.

விழித்திருந்தால் கலோரி கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 16 பேரை ஐந்து நாட்கள் 5 மணி நேரம் மட்டும் தூங்க அனுமதித்தபோது அவர்களின் ஒரு நாள் ஆற்றல் செலவு சுமார் 5 விழுக்காடு கூடியது. ஆனால் கூடிய செலவைத் தாண்டிச் சாப்பிட்டார்கள். அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கொறிப்பு அதிகம். சில நாட்களுக்குள் சராசரியாக 0.8 கிலோ எடை ஏறியது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. சிகாகோவில் 2004இல் நடந்த இன்னொரு ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியிருந்தது. வெறும் இரண்டு இரவுகள் 4 மணி நேரம் படுத்த 12 இளைஞர்களிடம், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பிலும் மாவுப் பண்டங்களிலும் நாட்டம் ஏறியது.

இப்படிச் சேரும் கொழுப்பு எங்கே படிகிறது என்பதும் கவலைக்குரியது. மேயோ கிளினிக் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் 4 மணி நேரம் மட்டும் தூங்கிய 12 பேர் நாளுக்குச் சுமார் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மொத்த எடையில் மாற்றம் சொற்பம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு 11 விழுக்காடு கூடியிருந்தது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருங்கிய தொடர்புள்ள கொழுப்பு அதுதான். அதிக உடல் எடை இல்லாதவர்களிடமும் தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்து வருவது நம்மிடையே மிகுதி என்பதால், இந்தச் செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். சிகாகோவில் எஸ்ரா தசாலி தலைமையில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எடை கூடிய, 6.5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த 80 பேரில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தைக் கூட்டுவது எப்படி என்று மட்டும் ஆலோசனை சொன்னார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில், தங்கள் வழக்கமான வாழ்க்கையை வாழ்ந்தபடியே சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். தூக்கம் கூடாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் உள்ளே தள்ளிய உணவு நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவு. முன்னால் போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள். 45 நிமிட வேக நடையில் செலவாவதைவிட இது அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் சரியாகிவிடுமா?

களைப்பு குறையும், அவ்வளவுதான். 2019இல் கொலராடோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், வார நாட்களில் தூக்கத்தைக் குறைத்து வார இறுதியில் விருப்பம்போல் தூங்கியவர்களுக்கும் எடை ஏறியது; மீண்டும் வார நாள் தொடங்கித் தூக்கம் குறைந்ததும் இன்சுலின் செயல்பாடு கெட்டது. தென் கரோலினா ஆய்வில் பார்த்ததும் இதுவே. தூக்கத்தைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் தீர்க்க முடிவதில்லை.

அன்றாடத்தில் என்ன செய்யலாம்?

வயது வந்தவர்கள் இரவில் குறைந்தது 7 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒன்றை வெட்டி மற்றொன்றில் போடாமல் இரண்டையும் பொருத்த வழி தேட வேண்டும்.

முதலில் படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அலாரத்தை அதற்குப் பிறகு வையுங்கள். காலை 5 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 10 மணிக்கு முன்பே தூங்கியிருக்க வேண்டும். அது நடக்காத வீட்டில் பயிற்சியை மாலைக்கோ மதிய இடைவேளைக்கோ மாற்றுவது நல்லது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலையில் 15 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் என்று பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பின் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும்.

இரவில் தூக்கம் மிக மோசமாகக் கெட்டுவிட்டதா? அன்று கடுமையான பயிற்சியையும் கனமான எடை தூக்குவதையும் தள்ளிவையுங்கள். கவனம் தளர்ந்த நேரத்தில் காயம்படுவது எளிது. மிதமாக நடந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரத உணவு தட்டில் இருக்கட்டும். எடை குறையும்போது தசை தங்க இவை இரண்டும் உதவும்.

மாலைக் காபியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கள். நாம் குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு கஃபீனை அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. படுக்கையில் செல்போன் பார்ப்பதை நிறுத்துவதும் பலன் தரும். தசாலி குழுவினரின் ஆலோசனையில் மின்னணுக் கருவிகளைப் படுக்கும் நேரத்தில் ஒதுக்கிவைப்பதற்கு முக்கிய இடம் இருந்தது.

எடை இயந்திரத்தை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். எடை குறைந்தும் இடுப்பு குறையவில்லை, உடலில் வலு குறைகிறது என்றால் கரைவது கொழுப்புதானா என்று யோசிக்க வேண்டும். அப்போது உணவை மேலும் குறைப்பதற்கு முன் உங்கள் தூக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

7 மணி நேரம் படுத்தும் களைப்பு தீரவில்லை, குறட்டை பலமாக இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொல்கிறார்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இரவுப் பணி பார்ப்பவர்கள், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்கள், நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்குத் தொடர்ச்சியான 7 மணி நேரம் எளிதில் வாய்க்காது. பகலில் கிடைக்கும் தூக்கத்தை அறையை இருட்டாக்கிக் காத்துக்கொள்வதும், அவர்கள் தூங்குவதற்காக வீட்டில் மற்றவர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதும் தேவை. அந்தத் தூக்கத்தைச் சோம்பல் என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

உழைத்து நடக்கிறோம், ஆசையை அடக்கிச் சாப்பாட்டைக் குறைக்கிறோம். இவ்வளவு பாடுபட்டபின் கரைவது தசையாக இருக்கக் கூடாது. எடையைக் குறைக்கும் திட்டத்தை எழுதும்போது உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் கொடுக்கும் அதே இடத்தைத் தூக்கத்துக்கும் கொடுங்கள். நேரம் போதவில்லை என்றால் நடையில் பத்து நிமிடத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.